ஆய்வுக் கட்டுரை வாசிக்கத் தொடங்குவது எப்படி: காசநோய் வழியாக ஒரு பயிற்சி

எனக்குப் பத்து வயதிருக்கும்போது சித்தப்பாவுக்குக் காசநோய் வந்தது. பாட்டி அவருக்கென்று ஒரு எவர்சில்வர் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி, அடிப்பக்கத்தில் ஆணியால் பெருக்கல் குறி கீறி வைத்தார். அவர் திண்ணையில் தனியாகச் சாப்பிட்டார். "அந்தத் தட்டைத் தொடாதே" என்பதுதான் அந்த வருடம் வீட்டில் நான் அதிகம் கேட்ட வாக்கியம். மருந்து தீர்ந்து, உடம்பு தேறி, அவர் வேலைக்குப் போன பிறகும் அந்தத் தட்டு பரணிலிருந்து இறங்கவில்லை.

நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து வைத்தால் குடும்பத்துக்குப் பாதுகாப்பு கூடுமா என்ற கேள்வியை நான் பிறப்பதற்கு வெகுமுன்பே சென்னையில் முறைப்படி சோதித்து, அச்சிலும் வெளியிட்டிருந்தார்கள். அந்தக் கட்டுரை என் கைக்கு வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது கடந்துவிட்டது. யாராவது ஒருவர் அதை முன்பே படித்து எங்கள் வீட்டில் சொல்லியிருந்தால் சித்தப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார் என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை. அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர், உள்ளூர்ச் செய்தியாளர், ஊராட்சி உறுப்பினர், வீட்டில் ஒருவருக்கு நோய் வந்ததால் தேட ஆரம்பித்தவர் என யாராக இருந்தாலும் சரி. ஓரளவு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்து, பொறுமையும் இருந்தால் போதும்.

ஆராய்ச்சி உலகின் பரப்பைப் பார்த்தால் முதலில் மலைப்புத்தான் வரும். மருத்துவ ஆய்வுகளின் பட்டியலான பப்மெட்டில் மட்டும் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. இயற்பியல், பொருளாதாரம், சமூகவியல் எல்லாம் அதற்கு வெளியே. துறை துறையாகப் படித்து இதைப் பிடிக்க முடியாது. ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, அது எந்தெந்தத் துறைக்குள் போகிறதோ அங்கெல்லாம் பின்தொடர்ந்து போவதுதான் நான் கண்ட நல்ல வழி. மருத்துவம், அறிவியல், சமூகக் கொள்கை மூன்றும் எவ்வளவு வேறு வேறு விதமாகச் 'சான்று' என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றன என்பது அப்போதுதான் புரியும். இங்கே காசநோயைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். நீங்கள் சர்க்கரை நோயையோ குடிநீரையோ சத்துணவையோ எடுத்துக்கொண்டாலும் படிகள் இவைதான்.

முதல் படி: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

'காசநோய்' என்பது தலைப்பு. அதைத் தேடினால் மூழ்கிப் போவீர்கள். "வீட்டில் ஒருவருக்குக் காசநோய் வந்தால், அவரைப் பிரித்து வைப்பது மற்றவர்களைக் காப்பாற்றுமா?" என்பது கேள்வி. இதற்கு ஆம், இல்லை, ஓரளவு என்று ஏதாவது ஒரு பதில் இருக்க முடியும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்த வரியை எழுதி, அதன் கீழே மூன்று கோடு போடுங்கள். கிருமி எப்படிப் பரவுகிறது, மருந்து தொடங்கியபின் என்ன ஆகிறது என்பது அறிவியல். வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தவர்களும் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தவர்களும் எப்படித் தேறினார்கள் என்பது மருத்துவம். யாருக்கு நோய் வருகிறது, யார் மருந்தைப் பாதியில் விடுகிறார்கள், அரசு எதற்குப் பணம் செலவிட வேண்டும் என்பது சமூகக் கொள்கை. எந்தக் கட்டுரை கிடைத்தாலும் அது இந்த மூன்றில் எதற்குப் பதில் சொல்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, ஆய்வகத்துச் சோதனைக் குழாயில் கிடைத்த பதிலைக் குடும்பத்துக்கான பதிலாக எடுத்துக்கொள்வதால் வருகிறது.

இரண்டாம் படி: எங்கே தேடுவது

பப்மெட் இலவசம். தேடுபெட்டியில் ஆங்கிலத்தில் நோயின் பெயர், இடத்தின் பெயர், ஒப்பிடும் பொருள் என மூன்று சொல் போதும். டியூபர்குளோசிஸ், மெட்ராஸ், சானடோரியம் (காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்த்த மருத்துவமனை) என்று தட்டச்சு செய்து பாருங்கள். பக்கத்தின் ஓரத்தில் இலவச முழுக் கட்டுரைகளை மட்டும் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. அதை முதலிலேயே அழுத்திவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழான புல்லட்டினின் பழைய இதழ்களும் அங்கே பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. 1913 முதல் வெளிவரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழையும் கட்டணமில்லாமல் வாசிக்கலாம்.

சமூக அறிவியலுக்கு கூகுள் ஸ்காலர் உதவும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் கிடைக்கின்றன. நம் மாவட்டங்களைப் பற்றிய களப்பணி பல ஆய்வேடுகளில் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே கேள்வியைப் பற்றிய பல ஆய்வுகளைச் சலித்துச் சேர்த்துத் தரும் தொகுப்பாய்வுகளுக்குக் காக்ரேன் நூலகம் பெயர் பெற்றது. அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ படிக்கிறீர்கள் என்றால், 2025 தொடக்கத்திலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின்கீழ் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் உங்கள் கல்லூரி வழியாகவே திறக்கும். நூலகரிடம் கேளுங்கள். கேட்காமலேயே மூன்று வருடம் ஓட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டால் அதன் பிறகு தேடுபெட்டி அதிகம் தேவைப்படாது. அந்தக் கட்டுரையைப் பின்னால் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்ற இணைப்பை அழுத்துங்கள். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் கூடை முழுவதும் வரும்.

மூன்றாம் படி: இது என்ன வகை ஆய்வு?

இந்தப் படியில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும்.

1948-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தைப் பற்றிய ஆய்வை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 107 நோயாளிகள். 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு மருந்து. 52 பேருக்கு ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முன்பே தீர்மானித்து, ஒட்டிய உறைகளுக்குள் வைத்திருந்தார்கள். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள். மற்றவர்களில் 14 பேர். அந்த உறைதான் இதில் முக்கியம். தேறிவிடுவார் என்று தோன்றுகிறவருக்கு மருந்தையும் மற்றவருக்கு ஓய்வையும் மருத்துவர் தன்னை அறியாமலே ஒதுக்கிவிடுவதை அது தடுத்தது. இதைத்தான் சமவாய்ப்பு முறை என்கிறோம். பேச்சு வழக்கில் குலுக்கல் என்று சொன்னாலும் பொருள் மாறாது.

இப்போது சென்னைக்கு வருவோம். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து ஒரு காசநோய் வேதி சிகிச்சை மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு முன்னால் படுக்கைகளின் எண்ணிக்கை ஒன்றுமேயில்லை.

அந்த மையத்தினர் நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். சமவாய்ப்பு முறையில் ஒரு பாதியினருக்கு வீட்டிலேயே சிகிச்சை, மறு பாதியினருக்கு சானடோரியத்தில் சிகிச்சை. இரு தரப்புக்கும் அதே மருந்து: ஐசோனியாசிட், பி.ஏ.எஸ்., ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு மோசம், இடம் நெருக்கடி, வேலைக்கும் போக வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் அவர்கள் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே தேறினார்கள். முதல் அறிக்கை 1959-இல் புல்லட்டினில் வந்தது. பிறகு இரு தரப்பின் குடும்பத்தினரையும் ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில் புதிதாக நோய் வருவது கூடவில்லை.

என் பாட்டியின் கேள்விக்கு அதுதான் பதில். தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. சரியான மருந்து தொடங்கியபின் பரப்பும் திறன் வேகமாகக் குறைகிறது. கிருமி பரவுவது காற்று வழியாக. தட்டுக்கும் டம்ளருக்கும் இதில் பங்கே இல்லை.

இந்த இரண்டு ஆய்வுகளையும் முதலில் படியுங்கள். பழையவை, மொழி எளிது, புள்ளியியல் சிக்கல் குறைவு. ஒரு ஆய்வின் எலும்புக்கூடு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியும். மற்ற வகைகள் பின்னால் வரும். இருப்பதை உள்ளபடி கணக்கெடுக்கும் கணக்கெடுப்பு ஆய்வு உண்டு. நோய் வந்தவரையும் வராதவரையும் ஒப்பிடும் ஆய்வு உண்டு. மக்களோடு உட்கார்ந்து பேசி எழுதுவதும் ஆய்வுதான். 'எந்த மருந்து மேல்' என்ற கேள்விக்குச் சமவாய்ப்பு முறை ஆய்வு வேண்டும். 'ஏன் மருந்தை நிறுத்தினீர்கள்' என்பதற்கு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். கேள்விக்கு ஏற்ற கருவி. ஒன்று உயர்ந்தது மற்றது தாழ்ந்தது என்று வரிசைப்படுத்தும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: கட்டுரையை எந்த வரிசையில் வாசிப்பது

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கதைபோல வாசிக்காதீர்கள். சுருக்கத்தை ஒருமுறை படியுங்கள். அடுத்து நேராக முதல் அட்டவணைக்குப் போங்கள். ஆய்வில் யார் இருந்தார்கள் என்று அது சொல்லும். வயது, பாலினம், எடை, வருமானம். அந்த மனிதர்கள் உங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி இருக்கிறார்களா என்று கேளுங்கள். பிறகு செய்முறைப் பகுதி. அதற்குப் பிறகுதான் முடிவுகள். ஆசிரியர்களின் விவாதப் பகுதியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உங்களுக்கென்று ஒரு கருத்து உருவாகியிருக்க வேண்டும். யார் பணம் கொடுத்தார்கள் என்பது வழக்கமாகச் சுருக்கத்தின் அடியிலோ கட்டுரையின் இறுதியிலோ ஒரு வரியாக இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள்.

ஒரு கட்டுரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 2023 ஆகஸ்டில் லான்செட் இதழில் வந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா உள்ளிட்டோர் செய்தது. இடம் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்கள், 28 காசநோய்ப் பிரிவுகள் (காசநோய்த் திட்டத்தின் நிர்வாகப் பகுதிகள்). 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 பேர். இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா, ஓரான் போன்ற பழங்குடியினர். மூன்றில் ஒரு பங்கினருக்கு ஊட்டச்சத்துக் குறைவு. நோயாளியின் குடும்பத்தினருக்கு உணவுப் பொருள் கொடுத்தால் அவர்களுக்குக் காசநோய் வருவது குறையுமா என்பது கேள்வி.

செய்முறைப் பகுதியில் நான் பென்சிலால் அடிக்கோடிட்ட முதல் இடம் இது: நோயாளிகளுக்கு இரண்டு தரப்பிலும் உணவுப் பொருள் கொடுக்கப்பட்டது. குடும்பத்தில் மற்றவர்களுக்குக் கொடுத்ததிலும் கொடுக்காததிலும்தான் வேறுபாடு. அதாவது ஒப்பீட்டுக் குழுவின் வீட்டுக்கும் ஓரளவு உணவு போயிருக்கிறது. எதோடு எதை ஒப்பிடுகிறார்கள் என்பதை ஒவ்வொரு முறையும் இப்படி நிறுத்தி, உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிப் பாருங்கள். செய்தித்தாள் தலைப்பில் இந்த விவரம் ஒருபோதும் இருக்காது.

இன்னொரு அடிக்கோடு: குலுக்கியது ஆட்களை இல்லை, காசநோய்ப் பிரிவுகளை. ஒரு பிரிவுக்குள் வரும் எல்லா வீடுகளும் ஒரே தரப்பு. பக்கத்து வீட்டுக்குப் பருப்பு வந்து நம் வீட்டுக்கு வரவில்லை என்ற நிலையை இது குறைக்கும். ஆனால் ஒரு பகுதியில் இருப்பவர்கள் பல வகையில் ஒத்திருப்பார்கள் என்பதால் கணக்கிடும் முறை மாறும்.

ஐந்தாம் படி: எண்களோடு பேசுங்கள்

ஒரு துண்டுக் காகிதமும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன்ஸ் ஆய்வின் முடிவு இப்படி இருக்கிறது. உணவு பெறாத குடும்பத்தினர் 4,712 பேரில் 122 பேருக்குக் காசநோய் வந்தது. உணவு பெற்ற 5,602 பேரில் 96 பேருக்கு வந்தது. வகுத்துப் பாருங்கள்: 2.6 சதவீதம், 1.7 சதவீதம்.

இதைச் செய்திகள் '39 சதவீதம் குறைந்தது' என்று எழுதின. அதுவும் உண்மை. ஆயிரம் பேருக்கு 26 என்றிருந்தது 17 ஆனது, அதாவது ஆயிரத்துக்கு 9 பேர் தப்பினார்கள் என்பதும் உண்மை. முதலாவது ஒப்பீட்டு அளவு, இரண்டாவது நேரடி அளவு. ஒப்பீட்டு அளவு எப்போதும் பெரிதாகத் தெரியும். இரண்டையும் சேர்த்துச் சொல்லாத செய்தியை நம்பி முடிவெடுக்காதீர்கள். நேரடி அளவிலிருந்து இன்னொன்றும் கணக்கிடலாம். சுமார் 114 பேருக்கு உணவு கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம். அரிசியும் பருப்பும் விற்கும் விலையைப் போட்டுப் பாருங்கள். கொள்கை வகுப்பவருக்கு வேண்டிய எண் அதுதான்.

கவனமாக இருப்பவர் இங்கே ஒரு முரணைப் பிடிப்பார். 2.6-ஐயும் 1.7-ஐயும் நேரடியாக ஒப்பிட்டால் குறைவு 34 சதவீதம்தானே, 39 எங்கிருந்து வந்தது? நான் இதில் ஒரு மாலை முழுவதும் தடுமாறி உட்கார்ந்திருக்கிறேன். தவறு எங்கும் இல்லை. கட்டுரை ஆட்களை மட்டும் எண்ணவில்லை. ஒவ்வொருவரையும் எவ்வளவு காலம் பின்தொடர்ந்தார்கள் என்பதையும் கணக்கில் எடுத்து, இரு தரப்புக்கும் தொடக்கத்திலேயே இருந்த வேறுபாடுகளையும் சரிக்கட்டுகிறது. 'சரிக்கட்டிய' என்ற சொல்லைக் கண்டால் எதற்காகச் சரிக்கட்டினார்கள் என்று அட்டவணையின் அடிக்குறிப்பில் தேடுங்கள்.

39 சதவீதக் குறைவு கட்டுரையில் 0.61 என்ற விகிதமாக இருக்கும்: உணவு பெறாதவர்களின் நோய் வீதத்தை 1 என்று வைத்தால், பெற்றவர்களுக்கு 0.61. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 0.43 முதல் 0.85 வரை என்று ஒரு வீச்சு இருக்கும். அதற்கு நம்பக இடைவெளி என்று பெயர். உண்மையான குறைவு 15 சதவீதமாகவும் இருக்கலாம், 57 சதவீதமாகவும் இருக்கலாம், 39 என்பது நடுவிலுள்ள சிறந்த மதிப்பீடு என்று அதற்குப் பொருள். இந்த வீச்சு 1 என்ற எண்ணைத் தொட்டிருந்தாலோ தாண்டியிருந்தாலோ பலன் இல்லாமலும் இருந்திருக்கலாம் என்று படிக்க வேண்டும். இங்கே தாண்டவில்லை. புள்ளியியலில் புதியவருக்கு உடனடியாக வேண்டியது இவ்வளவுதான்.

ஆறாம் படி: ஆய்வகக் கட்டுரைக்கு வேறு கண்

அறிவியல் கட்டுரைகளில் நோயாளிகளின் எண்ணிக்கை இருக்காது. 'எப்படி' என்ற கேள்விதான் இருக்கும். ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். 1998-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டது. சுமார் 44 லட்சம் எழுத்துகள், நாலாயிரம் மரபணுக்கள். முதல் முறை இப்படிப்பட்ட கட்டுரையைத் திறக்கும்போது பாதி சொல் புரியாது. பரவாயில்லை. படங்களையும் அவற்றின் கீழே உள்ள விளக்கங்களையும் மட்டும் படியுங்கள். ஒரே ஒரு செய்தியை எடுத்து வந்தாலும் லாபம்.

உதாரணத்துக்கு ஒன்று: நம் குடலில் வாழும் ஈ-கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமிக்கு அதற்குச் சுமார் 20 மணி நேரம் ஆகிறது. மெதுவாக வளர்கிறது, சில கிருமிகள் வளராமல் உறங்கியும் கிடக்கின்றன. பெரும்பாலான மருந்துகள் வளரும் கிருமியைத்தான் எளிதில் கொல்லும். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடும் மனிதரிடம் பேச, இந்த ஒரு செய்தி உங்களுக்கு உதவும்.

ஏழாம் படி: சமூகக் கொள்கையில் வாதத்தைத் தேடுங்கள்

இங்கிலாந்தில் காசநோய்ச் சாவுகள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே குறைந்துவந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு முன்பே பெரும்பகுதி குறைந்துவிட்டது. மருந்தே இல்லாமல் எப்படிக் குறைந்தது? நல்ல சாப்பாடும் வாழ்க்கைத் தர உயர்வும்தான் காரணம் என்றார் பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் மெக்கியோன். 1988-இல் வரலாற்றாசிரியர் சைமன் ஸ்ரெட்டர் அதை மறுத்து, உள்ளாட்சிகள் எடுத்த பொது சுகாதார நடவடிக்கைகளுக்கு அவர் உரிய இடம் தரவில்லை என்று வாதிட்டார். இருவரும் பார்த்தது இறப்புப் பதிவேடுகளைத்தான். ஒரு நாட்டை இரண்டாகப் பிரித்துக் குலுக்கல் போட முடியாது என்பதால், இங்கே சான்று என்பது வாதமும் எதிர்வாதமுமாக வளர்கிறது. ஆகவே கொள்கை ஆய்வு ஒன்றைப் படித்தால் அதை மறுத்து எழுதியவரையும் தேடிப் படிக்காமல் மூடாதீர்கள்.

நம் நாட்டு உதாரணம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1963-இல் டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் செய்த ஆய்வைப் புல்லட்டினில் வெளியிட்டார்கள். கிராமத்து மக்களுக்கு நோயைப் பற்றிய அறிவில்லை, அவர்கள் தாமாக வரமாட்டார்கள் என்று அதிகாரிகள் நம்பிக்கொண்டிருந்த காலம். ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டதில், நோயுற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் அறிகுறிகளை உணர்ந்தே இருந்தார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே சிகிச்சை தேடிப் போயிருந்தார்கள். அங்கே அவர்களுக்குச் சளியைப் பரிசோதிக்காமல் ஒரு பாட்டில் இருமல் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். குறை மக்களிடம் இல்லை, மருத்துவ நிலையத்தில் இருந்தது என்று ஒரு எளிய கேள்வித்தாள் காட்டிவிட்டது. 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் பொது மருத்துவ நிலையங்களோடு சேர்ந்தே இயங்க வேண்டும் என்பதற்கான நியாயம் இதில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 2019–21 தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பில், அறிகுறி உள்ளவர்களில் 64 சதவீதம் பேர் சிகிச்சை தேடிப் போகவில்லை என்று இருக்கிறது. உடனே 1963-ஐவிட நிலைமை மோசமாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். முன்னது காசநோய் உள்ளவர்களைப் பற்றியது, பின்னது இருமல் போன்ற அறிகுறி உள்ள எல்லோரையும் பற்றியது. சதவீதத்தைப் பார்த்தால் எதில் சதவீதம் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி உங்களைப் பல சங்கடங்களிலிருந்து காப்பாற்றும்.

கொள்கை பற்றிய இன்றைய கேள்விகளும் இந்த நூலிலேயே கோத்திருக்கின்றன. சிகிச்சையில் இருப்பவருக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். அந்தப் பணம் சரியான நேரத்தில் கைக்கு வருகிறதா, வங்கிக் கணக்கு இல்லாதவர் என்ன செய்கிறார், விலைவாசிக்கு அது போதுமா என்பதெல்லாம் ஆய்வுக் கேள்விகள்தான். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டது. நோய் கண்டறியப்பட்ட உடனே எடை, மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், உதவியில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பன போன்ற எளிய சோதனைகளைச் செய்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பது. 1959 ஆய்வு பெரும்பாலோருக்குப் படுக்கை வேண்டாம் என்று காட்டியது. இந்தத் திட்டம் யாருக்குப் படுக்கை கட்டாயம் வேண்டும் என்று கேட்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலான இடைவெளியில், ஒரே மாநிலத்தில், ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள்.

எட்டாம் படி: எதிர்பாராத விடைக்கு மரியாதை கொடுங்கள்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசிக்கான பெரும் ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பங்கேற்றார்கள். பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில் தடுப்பூசி நல்ல பாதுகாப்பைக் காட்டியிருந்தது. இங்கும் அப்படித்தான் வரும் என்று எதிர்பார்த்தார்கள். 1979-இல் முதல் அறிக்கை வெளிவந்தபோது, நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு எதுவும் தென்படவில்லை. பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 1999-இல் வெளியிட்ட அறிக்கையிலும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை.

அப்படியானால் குழந்தை பிறந்ததும் ஏன் இன்றும் பி.சி.ஜி. போடுகிறோம்? குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயையும் உடலெங்கும் பரவும் கடும் வகையையும் அது தடுக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செங்கல்பட்டு ஆய்வு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "தடுப்பூசியே வீண் என்று ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள்" என்று யாராவது அனுப்பினால், எந்த வயதினருக்கு, எந்த வகை நோய்க்கு என்று திருப்பிக் கேட்க உங்களால் முடியும். ஒரு ஆய்வு தான் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்.

ஒன்பதாம் படி: நம்புவதற்கு முன் மூன்று சோதனை

மருத்துவ ஆய்வு என்றால், தொடங்கும் முன்பே பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளை 2009 ஜூன் முதல் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். தேடுவது இலவசம். என்ன அளக்கப்போகிறோம் என்று பதிவில் சொன்னதையும் கட்டுரையில் பெரிதாகக் காட்டியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இலக்கு நடுவழியில் மாறியிருந்தால் ஏன் என்று கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

சக ஆய்வாளர்களின் மதிப்பீடு முடியாத முன்பதிப்பா என்று பாருங்கள். மெட்ஆர்க்கைவ் போன்ற தளங்களில் இருப்பவை அப்படிப்பட்டவை. அவற்றைப் படிக்கலாம், 'நிரூபணம்' என்று சொல்லிப் பகிரக் கூடாது. மூன்றாவது, கட்டுரை பின்னாளில் திரும்பப் பெறப்பட்டதா என்பது. பப்மெட்டில் அப்படிப்பட்ட கட்டுரையின் மேலேயே எச்சரிக்கை இருக்கும். பணம் கட்டினால் எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்களும் நிறைய உண்டு. இதழின் பெயர் பழக்கமில்லாததாக இருந்தால் உங்கள் துறைப் பேராசிரியரிடமோ நூலகரிடமோ காட்டிக் கேளுங்கள்.

குறிப்பு எடுப்பதும் கேட்பதும்

ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கம். கேள்வி, யார்மீது, எங்கே, எதோடு ஒப்பிட்டார்கள், எண்கள், எனக்குப் புரியாதது. இந்த ஆறு மட்டும், தமிழில், உங்கள் சொந்த வாக்கியத்தில். ஆங்கில வரியை அப்படியே எடுத்து எழுதினால் புரிந்ததுபோல் ஒரு மயக்கம் வரும். தமிழில் எழுத முடியாமல் தடுக்கும் இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம். அங்கே திரும்பப் போய்ப் படியுங்கள்.

முதல் மாதத்துக்கு நான்கு கட்டுரை போதும். 1948 ஸ்ட்ரெப்டோமைசின், 1959 சென்னை, 1963 தும்கூர், 2023 ஜார்க்கண்ட். இதே வரிசையில். வாரத்துக்கு ஒன்று.

அதற்குப் பிறகும் புரியாதது மிஞ்சினால், தொடர்புக்குரிய ஆசிரியர் என்று கட்டுரையின் முதல் பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். அதற்கு எழுதுங்கள். நீங்கள் யார், எந்தப் பக்கத்தில், எந்த அட்டவணையில், எது புரியவில்லை என்று ஐந்து வரிக்குள். கட்டுரை கட்டணத்துக்குப் பின்னால் பூட்டியிருந்தால் ஒரு பிரதி கேட்பதிலும் தவறில்லை. முதல் முறை இப்படி எழுதியபோது அனுப்பும் பொத்தானை அழுத்த எனக்கு இரண்டு நாள் ஆனது. மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. கேட்ட அட்டவணைக்கு விளக்கமும், நான் கேட்காத இன்னும் இரண்டு கட்டுரைகளும் அதோடு இணைத்திருந்தார்கள்.